மஞ்சள் சீட்டில் ஒரு வால்

(ஆஸ்பத்திரி மின்னஞ்சலில், ஒரு புதன்கிழமை)

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அண்ணன் காலில் வைத்த தகடு இப்போது தொந்தரவு தருவதில்லை. ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. உன் அம்மா நலம். உன் மருமகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இதை வேலை சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன். நெட்வொர்க் அறையில் இருக்கும் பழைய ரவுட்டரை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றப் போகிறோம். நீ இங்கே இருந்தபோது அதில் செய்த அமைப்புகளை முழுவதும் பிரதி எடுத்துவிட்டேன். இருந்தாலும், எழுத்தில் இல்லாத விஷயம் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது போல லேப் முடிவுகள் புதுக் கட்டடத்துக்குப் போகாமல் நின்று, எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய வேண்டிய நிலை மறுபடியும் வரக்கூடாது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்தது நடந்துவிட்டது.

பதிலை உன் அண்ணன் போனுக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
அண்ணி

*

(கையால் எழுதியது, அடுத்த செவ்வாய்க்கிழமை)

வாலு,

இந்தப் பெயரை எழுதியே இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் 'அன்புள்ள நாத்தனாருக்கு' என்று ஆரம்பித்திருந்தேனே, அதை உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னது இது, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார். வேலை விஷயத்தை வேலை மாதிரிதான் எழுத வேண்டும் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அந்தக் கடிதத்தை இப்போது திரும்ப வாங்க முடியுமானால் உன் ஊர் வரைக்கும் நடந்தே வந்து வாங்கிக்கொள்வேன்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைவிடப் பெரிதாக, நன்றி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று தடவை போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். பேசினால் எனக்கு அழுகை வரும். நீ, "விடுங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. பாதியில் மடித்து வைத்தாய் என்று தெரிந்தால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

நீ அனுப்பிய பதிலிலிருந்தே தொடங்குகிறேன். சனிக்கிழமை காலை உன் அண்ணன் போனை என் முன்னால் நீட்டினார். ஒரே ஒரு வரி. "ரவுட்டரை மாத்துறதுக்கு முன்னாடி லேப் மெஷின்ல இருக்கிற சீட்டைப் பாருங்க அண்ணி." அவ்வளவுதான். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறாள், அதுவும் அதிகாரி மாதிரி உத்தரவு போடுகிறாள் என்று உன் அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சீட்டைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. வீம்பு. உனக்குத் தெரியாததா?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெட்வொர்க் அறையில் இருந்தேன். அறை அப்படியேதான் இருக்கிறது. சலவை அறையின் ஈரச் சூடு இன்னும் அந்தச் சுவர் வழியாக வருகிறது. ஏ.சி. இன்னும் ஒழுகுகிறது, அடியில் அதே நீல வாளி. சக்கரம் போன உன் நாற்காலி மூலையில் கிடக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை, நானும்தான். பழைய ரவுட்டரை நீ 'பெரியவர்' என்றுதானே கூப்பிடுவாய்? பெரியவரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, புது ஆளை ஏற்றி, பிரதி எடுத்து வைத்திருந்த ஒவ்வொரு வரியையும் போட்டு, கேபிள்களைச் செருகினேன். எந்த எண்ணுக்கு எந்த வாசல், புதுக் கட்டடத்துக்கு அடுத்த நிலை எது, வெளியுலகத்துக்கு எது, எல்லாம் அச்சு அசலாக அதே அட்டவணை. எட்டரை மணிக்கு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வெளியே போகிறது, பழைய கட்டடம் பேசுகிறது, புதுக் கட்டடம் பேசுகிறது. என் முதுகை நானே தட்டிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் புதுக் கட்டடத்துப் பிரசவ வார்டு நர்ஸிடமிருந்து போன். "லேப்ல எல்லாம் முடிஞ்சிருச்சுங்கிறாங்க, எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரலை. மஞ்சள் காமாலை இருக்கிற குழந்தைக்கு ரிசல்ட் வேணும், டாக்டர் நின்னுக்கிட்டு இருக்காரு." அதே நோய், வாலு. இரண்டு வருஷத்துக்கு முன்பு உன் கையில் வந்த அதே நோய், இப்போது என் கையில்.

நர்ஸ்களில் ஒருத்தி லேப்பிலிருந்து ரிசல்ட் காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்த நீள வராந்தாவில் ஓட ஆரம்பித்தாள். போன தடவை ஓடியவளும் அவள்தான், என்னைப் பார்த்து, "மறுபடியுமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ரவுட்டரோடு மல்லுக்கு நின்றேன். ரவுட்டரிலிருந்து வார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் பதில் வருகிறது. ரவுட்டரிலிருந்து லேப் மெஷினைக் கூப்பிட்டால் அதுவும் பதில் சொல்கிறது. லேப் மெஷின் வெளியுலகத்தோடு ஜம்மென்று பேசுகிறது, பக்கத்து அறையோடும் பேசுகிறது. லேப் மெஷினும் புதுக் கட்டடமும் மட்டும் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்கின்றன. அட்டவணையைப் பத்துத் தடவை படித்தேன். ஒரு எழுத்துத் தவறில்லை. இரண்டு மணி நேரம் போய்விட்டது. பெரிய டாக்டர் தன் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல்தான் உன் ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது.

லேப் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியே தீப்பிடித்தாலும் பிளாஸ்டிக் காலுறை மாட்டாமல் உள்ளே விட மாட்டார். மாட்டிக்கொண்டு போய், மெஷின் மூடியைத் திறந்தேன். நீ ஏற்படுத்திய வழக்கம்தானே அது: எந்த மெஷினை யார் பொருத்தினாலும் அதன் ஐ.பி. எண், மாஸ்க், கேட்வே மூன்றையும் மஞ்சள் சீட்டில் எழுதி, தேதி போட்டு மூடியின் உட்புறம் ஒட்ட வேண்டும். அப்புறம் யார் திறந்து பார்த்தாலும் கீழே தன் அடையாளத்தைப் போட வேண்டும். சீட்டில் இருந்தது என் கையெழுத்து. மாஸ்க் என்ற இடத்தில் 255.255.0.0. மூன்றாவது இடத்தில் 255 இருக்க வேண்டியது, பூஜ்யமாக இருந்தது. மெஷினுக்குள்ளும் அப்படியே.

தேதியைப் பார்த்தேன். உன் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்த நாள்.

அன்று பதினான்கு மெஷின்கள் பொருத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? பதிமூன்று சரி. பதினாலாவதுக்கு எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நீ லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணி, பதறாதீங்க, அண்ணன் விழுந்துட்டாரு, உயிருக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னாய். நான் அதை எப்படி முடித்தேன், எப்படிச் சீட்டை ஒட்டினேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அதுதான் வேடிக்கை.

சீட்டின் கீழே, என் எழுத்துக்கு அடியில், பென்சிலால் ஒரு சின்ன வளைந்த வால். உன் அடையாளம். பக்கத்தில் தேதி. அந்தத் தேதியை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன், ஏனென்றால் லேப் முடிவுகள் நின்ற அன்று உனக்குக் கொடுத்த மெமோவிலும் அதே தேதிதான்.

நீ பார்த்திருக்கிறாய். அன்றைக்கே மூடியைத் திறந்து, என் எழுத்தைப் பார்த்து, என் தவறைப் பார்த்து, உன் வாலைப் போட்டுவிட்டு, மூடிவிட்டு, படியிறங்கி வந்து பெரிய டாக்டர் முன்னால் நின்று, "என் தப்புதான் சார், நான்தான் ரவுட்டர்ல கை வெச்சேன்" என்று சொல்லியிருக்கிறாய்.

நான் என்ன செய்தேன்? பக்கத்தில் நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னாலும், "சும்மா ஓடிக்கிட்டு இருக்கிறதை ஏன் நோண்டினே?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. உன் அம்மா நடுவில் வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்ததைச் சாப்பிட்டாய். உனக்கு அன்று வாயே இல்லாமல் போனது ஏன் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. அவ்வளவு வாயாடியான பெண் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தால் யாருக்காவது சந்தேகம் வர வேண்டாமா?

லேப்பிலேயே பூஜ்யத்தை 255 ஆக மாற்றினேன். அடுத்த நொடியே அத்தனையும் வார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தேங்கிக் கிடந்த இருபத்து மூன்று முடிவுகள் வார்டில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி விழுந்ததாம். நர்ஸ் போனில் சிரித்தாள். நான் அப்படியே லேப் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். லேப் அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "அழறதுன்னா வெளிய போய் அழு, சாம்பிள்ல விழுந்து தொலைக்கப் போகுது" என்றார். ஆனால் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், காலுறையைக் கழற்றாமலே.

*

புதன் மாலை தொடர்கிறேன். நேற்று இந்த இடத்தில் உன் அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.

ஞாயிறன்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அண்ணன் முழுவதும் கேட்டார். அப்புறம், "சின்ன வயசுல நான் உடைச்ச கண்ணாடிக்கும் அவதான் அடி வாங்கினா. அப்பவும் எதுக்குன்னு சொல்லலை" என்றார். எழுந்து பின்பக்கம் போய்விட்டார். ஆண்பிள்ளை, நான் பார்க்கக்கூடாதாம்.

உன் அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. "இவ தப்பா எழுதினா, அது நாலு மாசம் எப்படி ஓடுச்சு? என் பொண்ணு என்ன பண்ணதால நின்னுச்சு? அவ மேல தப்பா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்ன விதத்தை இங்கே எழுதுகிறேன். சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று பார், நீதானே எனக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தவள்.

நம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர் மூன்றாவது வார்டு எங்கே என்று வாசல் காவலாளியைக் கேட்டால் அவர் முழு வழியையும் சொல்வதில்லை. "நேரா போங்க, லிஃப்ட்கிட்ட கேளுங்க" என்பார். லிஃப்ட்காரர், "வராந்தா தாண்டிப் போங்க, அங்க நர்ஸ் இருப்பாங்க" என்பார். யாருக்கும் முழு வழி தெரிய வேண்டியதில்லை. அவரவருக்கு அடுத்த ஆள் யார் என்று தெரிந்தால் போதும். ரவுட்டர்கள் செய்வதும் இதேதான். வந்த தகவலின் எண்ணைப் பார்க்கும், தன் அட்டவணையில் அந்த எண்ணுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிற வரியைத் தேடும், அடுத்தவர் கையில் கொடுத்துவிடும், அத்தோடு மறந்துவிடும். ஒன்றும் பொருந்தவில்லை என்றால், தெரியாத எல்லாவற்றுக்கும் என்று ஒரு வரி இருக்கிறது, அதன்படி அனுப்பிவிடும்.

ஆனால் முதல் முடிவை எடுப்பது ரவுட்டர் இல்லை, அனுப்புகிற கம்ப்யூட்டர். நான் தேடுகிறவர் என் அறையிலேயே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று அது பார்க்கும். அறைக்குள் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நேரடியாகக் கொடுத்துவிடும். வெளியே என்றால் வாசலில் இருக்கிற கேட்வேயிடம் கொடுக்கும். அறை எதுவரைக்கும் என்று அதற்குச் சொல்வதுதான் மாஸ்க். நான் போட்ட பூஜ்யத்தால் லேப் மெஷின், புதுக் கட்டடமும் தன் அறைதான் என்று நம்பிவிட்டது. அதனால் வாசலுக்குப் போகாமல், அறைக்குள்ளேயே நின்று, "மூணாவது வார்டு, மூணாவது வார்டு" என்று கத்திக்கொண்டிருந்தது. வார்டு இருப்பது வராந்தாவுக்கு அந்தப் பக்கம். எப்படிக் காதில் விழும்?

இங்கே உன் அம்மா குறுக்கிட்டார். "அப்ப முதல் நாளே நின்னிருக்கணுமே?" உன் அம்மா படிக்காமல் விட்டது உலகத்துக்குத்தான் நஷ்டம்.

நிற்கவில்லை, ஏனென்றால் பெரியவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரையாவது யாராவது கூப்பிட்டு, அந்த ஆளுக்குக் காது எட்டாது, ஆனால் அங்கே போக வழி தனக்குத் தெரியும் என்றால், "நான்தான் அது, என்கிட்ட கொடு" என்று தானே குரல் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டு போய் உரியவரிடம் சேர்த்துவிடுவார். உன் மருமகளுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. வகுப்புக்கு வராத தோழிக்காக இன்னொருத்தி 'உள்ளேன்' சொல்வது மாதிரி என்றாள். (யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று தனியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.) நாலு மாசமாக என் தவறுக்குப் பெரியவர் 'உள்ளேன்' சொல்லிக்கொண்டிருந்தார். நீ செய்தது என்ன? அந்தப் பழக்கம் பாதுகாப்புக்கு நல்லதில்லை என்று அதை நிறுத்தினாய். செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தாய். நிறுத்தியதும் என் தவறு வெளியே தெரிந்தது. நீ அதைக் கண்டுபிடித்தும், மறுபடி அந்தப் பழக்கத்தைப் போட்டுவிட்டு, பழியையும் நீயே வாங்கிக்கொண்டாய். புது ரவுட்டருக்கு அந்தப் பழக்கம் பிறவியிலேயே கிடையாது. பெரியவருக்கு அது பிறவிக் குணம் என்பதால், நான் எடுத்த பிரதியில் அப்படி ஒரு வரியே இல்லை. எழுத்தில் இல்லாதது என்று நான் கேட்டேனே, அது இதுதான்.

உன் அம்மா கேட்டு முடித்தார். "அப்ப என் பொண்ணு மேல தப்பில்லை" என்றார். இல்லை அத்தை, என் மேல்தான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஏன் என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு என்னை நிரந்தரமாக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. உன் அண்ணன் ஊன்றுகோலில். வீடு ஓடியது என் வேலையாலும் உன் வேலையாலும்தான்; அதில் உன்னுடையது நிரந்தரம், ஒரு மெமோ தாங்கும். என்னுடையது தாங்காது. லேப் மெஷினில் மாஸ்க்கைத் திருத்தினால் படிவம் நிரப்ப வேண்டும், படிவத்தில் பொருத்தியவர் பெயர் எழுத வேண்டும். அதனால்தானே மெஷினைத் தொடாமல் விட்டாய்? எல்லாம் தலையில் ஓடியிருக்கும், மாடியிலிருந்து கீழே இறங்கும் அந்த இருபது படிகளுக்குள். அதற்கப்புறம் மூன்று மாசம் நான் காட்டிய முகத்தைத் தாங்கிக்கொண்டு, கடைசியில் கப்பல் கம்பெனி வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போய்விட்டாய். நல்ல வேலை என்று எல்லோரிடமும் சொன்னோம். நல்ல வேலைதான். ஆனால் எதனால் போனாய் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இரண்டு வருஷமாக நான் சம்பாதித்துப் போட்ட ஒவ்வொரு வாய்ச் சோறும் நீ போட்டது, வாலு. உன் அண்ணனுக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்ததும், உன் மருமகள் பள்ளி மாறாமல் படிப்பதும், உன் அம்மா மாத்திரை நிற்காமல் சாப்பிடுவதும் நீ செய்தது. நான்தான் இந்த வீட்டைத் தாங்கினேன் என்று நானும் நினைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். நன்றி என்ற சொல் இதற்குப் போதாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நன்றி. நீ என் கையைத் தட்டிவிடாமல், "விடுங்க அண்ணி" என்று சொல்லாமல், இந்த ஒரு தடவை வாங்கிக்கொள்.

கொஞ்சம் திட்டவும் வேண்டும், திட்டிவிடுகிறேன். நீ செய்தது சரியில்லை. என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்க வேண்டும். தவறு அப்படியே மெஷினுக்குள் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தது. அது வேறு நேரத்தில் வெளிப்பட்டிருந்தால்? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? உனக்கே அது உறுத்தியிருக்கும், அதனால்தான் அந்த ஒரு வரியை அனுப்பினாய் என்று தெரிகிறது. திட்டு முடிந்தது.

திங்கட்கிழமை சீட்டைக் கவனமாக உரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெரிய டாக்டரிடம் எடுத்துப் போனேன். உன் அண்ணன், போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை கூட வந்தார். பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சீட்டைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு இதை யாரும் கேட்கலையேம்மா. ஏன் வந்து சொல்றீங்க?" என்றார். யாரும் கேட்காததால்தான் சார் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

அவர் உன் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். உன் மெமோவின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, 'தவறு இவருடையதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கண்ணால் பார்த்தேன். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்புறம் என் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு ஒரு மெமோ. இந்த மாதம் எனக்கு வரவேண்டிய பிரிவுப் பொறுப்பாளர் பதவி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருந்தது. ஆனால் அன்றிரவு, ரொம்ப நாளுக்கப்புறம், படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மற்ற செய்திகள். உன் அண்ணன் நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து உன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, புதுச் சக்கரம் மாட்டிவிட்டுப் போனார். உன் மருமகள் உன் அறையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். கூட்டித் துடைத்து வைக்கிறாள், மேசை இழுப்பறையை மட்டும் அத்தை வந்து திறக்கட்டும் என்கிறாள். லேப் அக்கா உன்னைக் கேட்டார். "அந்த வாயாடி எப்ப வருவா?" என்பதுதான் கேட்ட விதம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லேப் மெஷினுக்குப் புதுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். எண் சரி, மாஸ்க் சரி, கேட்வே சரி, தேதியும் போட்டாயிற்று. ஆனால் நீ போட்ட விதிப்படி, பொருத்தியவரே சரிபார்த்தவராக இருக்க முடியாது. கீழே அந்த இடம் காலியாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் எஞ்சினியர் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாருடைய இடம் என்று கேட்டார். என் நாத்தனாருடையது, விடுமுறையில் வருவாள் என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது பென்சில் கொண்டுவர வேண்டாம், இங்கே சீவி வைத்திருக்கிறேன்.

உன்,
அண்ணி